காவோலை வெட்ட வந்த அனுமதி

அண்ணை,

போன வருடம் நான் எழுதிக் கேட்ட அனுமதி இன்று காலை தபாலில் வந்தது. இறுப்பிட்டி அரச காணியில் உள்ள பனங்கூடலில் காய்ந்து தொங்கும் காவோலை வெட்டவும், தெருவோரம் பத்து மீற்றர் அகலத்துக்குப் புல்லையும் பற்றையையும் அகற்றவும் ஆட்சேபனை இல்லையாம். வாசித்துவிட்டுச் சிரித்தேன். தெருவோரத்தில் வெட்டுவதற்கு இப்போது காவோலை இல்லை. உச்சி எரிந்து மொட்டையான மரங்கள்தான் வரிசையாக நிற்கின்றன.

கூடலில் எங்கெங்கே வெட்ட வேண்டும் என்று நான் வரைந்த தீத்தடுப்புப் படம் அலுவலகச் சுவரில் தொங்கியது நினைவிருக்கும். குடிதண்ணீர் பவுசர் ஓட்டும் உங்களுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் காலையில் கையெழுத்து வைக்க வரும்போதெல்லாம் அதன் முன்னால் நிற்பீர்கள். முன்பு வேலி அடைக்கச் சனம் ஓலை வெட்டியது, இப்போது எல்லாரும் மதில் கட்டிவிட்டார்கள், அதனால் காய்ந்த ஓலை மரத்திலேயே தொங்குகிறது, புல்லில் பிடிக்கும் நெருப்பு அதில் ஏணி மாதிரி ஏறும் என்று ஒருநாள் விளக்கினேன்.

"அப்ப வாற சனிக்கிழமை நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் வெட்டுவம், தம்பி."

"ஏலாது அண்ணை. காணிக்கு ஒரு கந்தோரிலை அனுமதி எடுக்கவேணும், மரத்துக்கு இன்னொரு கந்தோரிலை. கேக்காமல் கத்தி வைச்சால் என்ரை வேலை போயிடும்."

"நெருப்புக்கு உம்மடை படம் வாசிக்கத் தெரியுமோ?"

"உங்களுக்கே தெரியாது. நெருப்புக்கு எங்கை தெரியப்போகுது."

அலுவலகமே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சனிக்கிழமை நான் வீட்டில் சும்மாதான் இருந்தேன்.

ஆடியில், சோளகக் காற்று உரத்து வீசிய ஒரு பகலில், மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று யாரோ புல்லைக் கொளுத்தினார்கள். வருடாவருடம் நடப்பதுதான். நீங்கள் நிறைந்த பவுசரோடு ஒழுங்கையில் நின்றீர்கள். சனம் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தது. எனக்குத் தொலைபேசி எடுத்தீர்கள்.

"தம்பி, கூடல் பத்துது. நான் தண்ணியோடை போறன்."

"போகாதையுங்கோ. அந்தக் குழாயிலை அமுக்கம் இல்லை. குடம் நிரப்பத்தான் காணும். மரத்திலை ஏறின நெருப்புக்கு எட்டாது."

"அப்ப பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுறீரோ?"

நான் வந்து சேர்ந்தபோது தாங்கி வெறுமையாகிவிட்டது. மரங்களில் இடுப்பு உயரத்துக்கு ஈரம். அதற்கு மேலே எரிந்த ஓலைகள் காற்றில் பறந்து அடுத்த மரத்தில் விழுந்துகொண்டிருந்தன. பவுசர்ச் சில்லில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தீர்கள்.

"நீர் சொன்னது சரிதான்" என்றீர்கள்.

"அதைத்தானே முதலே சொன்னனான்" என்றேன். உங்களோடு நான் கடைசியாகப் பேசியது அதுதான். நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றுவிட்டது. புகை நுரையீரலைத் தின்றுவிட்டது என்றார்கள்.

சனிக்கிழமை வெட்டியிருந்தால் கூடல் தப்பியிருக்குமா என்று கேட்கிறார்கள். தெருக்கரை தப்பியிருக்கும். அந்த ஒரு வருடம். அடுத்த வருடம் ஓலை திரும்பக் காயும், திரும்பவும் இரண்டு கந்தோருக்கும் எழுத வேண்டும். மாரி மழைக்குப் பிறகு, எரிந்த இடத்தில் புல் முன்பைவிட அடர்த்தியாக வளர்ந்திருக்கிறது. சாம்பல் நல்ல பசளை. தப்பிய மரங்களுக்காகப் புது விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். அடுத்த ஆடிக்குள் பதில் வரும் என்று நான் நம்பவில்லை.

உங்கள் இடத்துக்கு ஒருவரை எடுத்திருக்கிறார்கள். இன்று மத்தியானம் அவர் கேட்டார்: "சேர், நெருப்பெண்டால் நான் என்ன செய்யிறது?"

"தண்ணியை வீடுகளுக்குக் குடுங்கோ. கூடல் எரியட்டும்."

நான் சொன்னது சரி. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. அந்தச் சரியைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன், அண்ணை. உங்களைப் போல அவரும் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கட்டும் என்று கொஞ்ச நேரம் கதிரையைவிட்டு எழும்பாமல் இருந்தேன்.

"சரி சேர்" என்றுவிட்டு அவர் போய்விட்டார்.