கஞ்சிப் பந்தலில் என் பெயர்

செப்டம்பர் 3, புதன்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. கொடியில் கிடந்த துணியெல்லாம் உப்புத் தூசி.

இறால் கம்பெனி லேபில் சோதிக்க இரண்டே மாதிரி. அமெரிக்க ஆர்டர் நின்றதிலிருந்து இறால் உரிக்கிற பெண்களில் பாதிப் பேர் வீட்டில். துறைமுகத்தில் என் வீட்டுக்காரருக்கும் வாரத்துக்கு இரண்டு ஷிப்டுதான். லேபில் உதவிக்கு சுமித்ரா மட்டும். ஒடிசாப் பெண், கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறாள். இறால் உரிக்கிற புஷ்பத்திடம் தமிழ் கற்றவள். ஒருநாள் என்னையே கூட்டாளியைப் போல "ஏளா" என்றாள்.

புஷ்பம் இப்போது கம்பெனி கேட்டுக்கு எதிரே, கஞ்சிப் பந்தல் வரிசையில். தூக்குவாளியோடு. பந்தல் போட்டவர் ஐஸ் கம்பெனி வைத்திருந்தவர். போன வருஷம் அவர் கூட்டத்துக்குப் பத்துப் பேர்கூட வரவில்லை. இப்போது 'தலைவர்'.

"பன்னெண்டு வருசம் உரிச்சேன் மேடம். மொதலாளி ஒரு வார்த்த கேக்கல. இந்த மனுசன்தான் சாப்ட்டியாம்மான்னு கேட்டாரு."



செப். 6, சனி

பந்தலுக்கு ஒரு மூட்டை அரிசி. புஷ்பத்துக்காக. பெயர் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

வாங்க: மல்லி, சோப்பு, இவருக்கு பிரஷர் மாத்திரை.

செப். 9, செவ்வாய்

மைக்கில் என் பெயர். தெரு முழுக்க. பிறகு தலைவர் பேச்சு. முதலில் முதலாளிகளைப் பற்றி. சரியாகத்தான் பேசினார், தலையாட்டினேன். அப்புறம் ஹாஸ்டலில் இருக்கும் ஒடிசாப் பெண்களைப் பற்றி.

"ஒங்க ஒலையில வேக வேண்டிய அரிசி யாரு பானையில வேகுது?"

கைதட்டல். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஹாஸ்டல் காலியாக வேண்டுமாம். அந்தப் பெண்களுக்கும் பாதிக் கூலிதான். இதை எந்த மைக்கில் சொல்ல?

பந்தலில் புது போர்டு. அவர் படம், கீழே 'உபயம்', முதலில் என் பெயர்: இரா. கோமதி எம்.எஸ்சி. படிப்பைக்கூட விடவில்லை.

செப். 11, வியாழன்

ஸ்டேஷனுக்கு போன் செய்தேன், ஹாஸ்டலுக்குப் பாதுகாப்பு கேட்டு. "நீங்க அவரு ஆளுதான மேடம்? போர்டுல பாத்தேனே. அவர்ட்டயே சொல்லுங்க."

போர்டில் பெயரை அழிக்கச் சொல்லப்போவதாக இவரிடம் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அழிச்சா ஏன்னு கேப்பானுவ. துறைமுகத்துல யாருக்கு ஷிப்டுன்னு இப்ப அவருதான் சொல்லுதாரு. சும்மா கெட கோமு."

ஷிப்டு எப்போதிருந்து அவர் கையில்? மதியம் எங்கள் கம்பெனி மேனேஜரே சால்வையோடு பந்தலுக்குப் போனார்.

செப். 13, சனி

சுமித்ரா வேலைக்கு வரவில்லை. ஹாஸ்டலுக்குப் போனேன். கதவு உள்ளே பூட்டு. ஜன்னலில் சுமித்ராவின் பாதி முகம்.

"எங்க மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. எல்லாரும் வாங்க." இவரிடம் சொல்லாமல்தான் சொன்னேன்.

"போர்டுல ஒங்க பேரு இருக்கு மேடம்."

"அது அரிசிக்கு."

"அந்த அரிசி தின்னவங்கதான் நாளைக்கு வாராங்க."

ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

செப். 14, ஞாயிறு

காற்று இல்லை. புழுக்கம்.

ஹாஸ்டல் காலி. விடியும் முன்பே எல்லோரும் மூட்டையோடு ரயிலடிக்கு நடந்துவிட்டார்களாம். தலைவர் வந்து பூட்டுப் போட்டார். பந்தலில் பாயசம். தேர்தலில் நிற்கப்போகிறார் என்றார்கள். என்னைக் கண்டதும், "ஏலே, மேடத்துக்கு வழி விடுங்கல." முன்னால் போய் நிற்கவேண்டியதாயிற்று. பின்னால் கூட்டம் மூடிக்கொண்டது.

புஷ்பம் என் கையைப் பிடித்தாள். "நாளையிலேர்ந்து வேல உண்டுல்லா மேடம்?"

ஆர்டர் எதுவும் வரவில்லையே என்றேன்.

யோசித்தாள். "அப்போ இன்னும் யார மேடம் வெரட்டணும்?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள்.