சைக்கிள் நின்றபடி ஏறுகிற வண்டி

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நானும் அம்மாவும் நலம். ஒவ்வொரு கடிதத்திலும் இதைத்தான் முதல் வரியாக எழுதுகிறேன், யோசிக்காமலே கை எழுதிவிடும், ஆனால் இந்தத் தடவை யோசித்துப் பார்த்துவிட்டு நிஜமாகவே நலம் என்று எழுதுகிறேன். போன சில மாதங்களாக நீ போனில் கேட்டபோதெல்லாம் நாங்கள் சொன்ன நலத்தில் கொஞ்சம் கலப்படம் இருந்தது. அம்மா கையில் சுளுக்கு என்று உன்னிடம் சொன்னாளே, அது சுளுக்கு இல்லை. இடது மணிக்கட்டு உடைந்து, ஆபரேஷன் செய்து, உள்ளே தகடு வைத்திருக்கிறது. பதறாதே, உடனே போனைக் கையில் எடுக்காதே, முழுக்கப் படி. இதை உனக்கு எழுதுகிறேன் என்றாலே எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று அர்த்தம், நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாதா.

அம்மா லீவு நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அணைக்கட்டு ரோடு பக்கம் போவாள் இல்லையா. வாரம் முழுக்க ஆஸ்பத்திரி லேபில் மைக்ராஸ்கோப்பில் குனிந்தே கிடக்கிறேன், ஒரு நாளாவது தூரத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டாமா என்பாள். அப்படிப் போய்விட்டுத் திரும்பும்போது ஜல்லி கொட்டிக் கிடந்த ஒரு வளைவில் சறுக்கி விழுந்திருக்கிறாள். எழுந்து நின்று, போகிற வருகிற வாடகைக் கார்களை நிறுத்திக் கேட்டிருக்கிறாள். அம்மாவை ஏற்றிக்கொள்ள எல்லோரும் தயார், சைக்கிளை ஏற்றிக்கொள்ள ஒருவரும் தயாரில்லை. ரோட்டோரம் போட்டுவிட்டு வர இவளுக்கு மனசு வரவில்லை. உடைந்த கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் அதைத் தள்ளிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தே வந்தாள். ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்டால், உங்கள் காரில் ஒரு தர்பூசணி வாங்கினாலே மடியில் வைத்துக்கொண்டுதான் வர வேண்டும், வந்து என்ன செய்திருப்பீர்கள் என்கிறாள். எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் அவள் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்துக் கோபம் போய்ப் பயம் வந்தது.

கை ஆறிவிட்டது. பயிற்சி கொடுக்கிற பெண் கெட்டிக்காரி, விரலெல்லாம் நன்றாக மடங்குகிறது, பிரேக் பிடிக்க வருகிறது, சைக்கிள் தாராளமாக ஓட்டலாம் என்று அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள். கனமானதைத் தூக்கக் கூடாது, கையை முறுக்கித் திருகக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் உன் அம்மா ஓட்டவில்லை. சைக்கிளை நடையில் சுவர் ஓரமாக நிறுத்தி மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். வயசாகிவிட்டது, போதும் என்றாள். பாப்பா, உன் அம்மா வாயிலிருந்து போதும் என்ற வார்த்தையை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. லீவு நாளில் சும்மா உட்கார்ந்து அலமாரியை அடுக்குவாள், அடுக்கியதையே திரும்ப அடுக்குவாள். நான் ஏதாவது தமாஷ் சொன்னால் சிரிக்க வேண்டுமே என்று சிரிப்பாள். மறுபடி விழுந்துவிடுவோம் என்று பயமா என்று ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். "விழறதுக்கு பயம் இல்லை. பாதி வழியில முடியலைன்னா நீங்க வந்து என்னைக் கூட்டிட்டு வந்துடுவீங்க. சைக்கிளை யார் கூட்டிட்டு வருவா?" என்றாள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்தக் காரை மாற்றுவது என்று. உன் மாமாவிடம் சொன்னேன், அவர்தான் ஊருக்கெல்லாம் இலவச ஆலோசகர் ஆயிற்றே. காரின் கூரையில் ஒரு கேரியர் மாட்டினால் தீர்ந்தது என்றார். தலைக்கு மேலே தூக்கி வைக்க அம்மாவால் முடியாது என்றேன், நீங்கள் தூக்கி வையுங்கள் என்றார். தன் அக்காவைப் பற்றி இத்தனை வருஷத்தில் இவ்வளவுதான் தெரிந்து வைத்திருக்கிறார். அடுத்தவர் தூக்கி வைக்க வேண்டிய சைக்கிளை உன் அம்மா எடுத்துக்கொண்டே போகமாட்டாள். பின்னால் தொங்கவிடுகிற கேரியர் என்றாலும் தூக்கத்தான் வேண்டும். காருக்குள் படுக்கவைக்க வேண்டும் என்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், அதற்குக் கையைத் திருக வேண்டும். ஆகவே சைக்கிள் நின்றபடியே உருண்டு உள்ளே போக வேண்டும், நின்றபடியே வர வேண்டும், எல்லாவற்றையும் அவளே தனியாகச் செய்ய முடிய வேண்டும். வண்டி பார்க்கப் போன இடத்திலெல்லாம் மைலேஜ் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, பின்கதவைத் திறந்து காட்டுங்கள் என்றுதான் கேட்டேன், என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஆயுசு முழுக்க வண்டிக்கு சீட் தைத்துப் பிழைத்தவன் கடைசியில் சீட்டே இல்லாத வண்டியைத் தேடுகிறேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது. முதலில் ஒரு பெரிய குடும்ப வேன் படிந்தது. நான் டேப்பை எடுத்து உள்ளே தரையிலிருந்து கூரை வரை அளந்தேன், சைக்கிளின் ஹேண்டில் உயரத்துக்கு மேலே நாலு விரல்கடை மிச்சம் இருந்தது. விற்கிறவரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, பின் சீட்டுகளை நானே கழற்றி வெளியே வைத்துவிட்டு, அம்மாவை வரச் சொன்னேன். நீங்கள் வாங்குவதென்றால் வாங்குங்கள், என் பேரைச் சொல்லி வாங்காதீர்கள் என்று முறைத்துக்கொண்டுதான் வந்தாள். பலகை போட்டு சைக்கிளை உருட்டினாள், முன்சக்கரம் ஏறியது, ஹேண்டில் போய்க் கதவின் மேல்விளிம்பில் டங் என்று இடித்து நின்றுவிட்டது. உள்ளே உயரம் இருக்கிறது, வாசல் குட்டை. நான் உள்ளே அளந்தேனே தவிர வாசலை அளக்கவில்லை. சீட் தைப்பவன் பக்கவாட்டுக் கதவு வழியாகத்தானே ஏறி இறங்குவான், பின்கதவு என் கண்ணில் பட்டதே இல்லை. விற்கிறவர், ஹேண்டிலையும் சீட்டையும் கொஞ்சம் இறக்கிக்கொண்டால் போய்விடும் அம்மா என்றார். தினமும் தலையைக் குனிந்து உள்ளே போக வேண்டும் என்றால் அதற்கு எதற்குப் பெரிய வண்டி என்று கேட்டாள் உன் அம்மா. அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள், அடக்க முடியாமல் சிரித்தாள், நான் வேர்வையோடு அந்த சீட்டுகளையெல்லாம் திரும்ப மாட்டி முடிக்கிற வரைக்கும் சிரித்தாள். வண்டி போனால் போகட்டும், அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு வேனைக் கழற்றி மாட்டியிருப்பேன்.

கடைசியில் வண்டி எங்கே கிடைத்தது தெரியுமா, என் கடை வாசலிலேயே. சலவைக்கடைக்காரர் தன் வேனின் டிரைவர் சீட் கிழிந்துவிட்டது என்று கொண்டுவந்து நிறுத்தினார். வருஷக்கணக்காக அந்த சீட்டுக்கு ரெக்ஸின் மாற்றுகிறவன் நான்தான். ஒருநாளும் அதன் பின்கதவைத் திறந்து பார்த்ததில்லை. இந்தத் தடவை புத்தி வந்து திறந்தேன். இஸ்திரி போட்ட துணி மடங்காமல் தொங்க வேண்டும் என்பதற்காகக் கூரையை உயர்த்தி, கதவையும் கூரை வரைக்கும் வைத்து, நீளத்துக்கு ஒரு கம்பி மாட்டியிருக்கிறார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தேன் போ. அவரும் வேறு வண்டி எடுக்கிற யோசனையில் இருந்தார், பேசி முடித்துவிட்டோம். அழகு என்று ஒன்றும் கிடையாது, அலமாரிக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும், உள்ளே எப்போதும் சோப்பு வாசனை. வெளியே எழுதியிருந்த பெயரைச் சுரண்டியும் முழுக்கப் போகவில்லை, சிக்னலில் நின்றால் சலவைக்குப் போட்ட திரைச்சீலை எப்போது வரும் என்று கேட்கிறார்கள். நானும் நாளைக்கு என்று சொல்லிவிடுகிறேன்.

மேலே இருந்த கம்பியிலிருந்து இரண்டு பெல்ட் தைத்துத் தொங்கவிட்டேன், முன்சக்கரம் வந்து உட்கார ஸ்பாஞ்ச் வைத்து ரெக்ஸினில் ஒரு மெத்தை தைத்தேன், பலகைக்கு வழுக்காத ரப்பர் ஒட்டினேன். அம்மா தெருவிலேயே வைத்து ஏற்றிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள், வலது கை ஒன்றே போதுமாக இருந்தது. பிறகு வீட்டுக்குள் கொண்டுபோய்த் திரும்பவும் போர்வையைப் போட்டு மூடிவிட்டாள். வாரக்கணக்காக வண்டி வாசலில் நிற்கிறது, சைக்கிள் நடையில் நிற்கிறது. குதிரை வாங்குவதற்கு முன்னால் லாயம் கட்டியாயிற்று என்று மாமா வந்து கிண்டல் செய்துவிட்டுப் போனார். நான் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் உள்ளுக்குள் இடிந்து போய்த்தான் இருந்தேன் பாப்பா.

போன மாதம் ஒரு லீவு நாள் காலையில் நடையில் காற்றடிக்கிற பம்ப் சத்தம் கேட்டது. தூங்குவது போலவே படுத்துக்கொண்டேன். போர்வையை மடித்து வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். நான் கடையைத் திறந்து உட்கார்ந்தேன், ஒரு தையல் நேராக வரவில்லை, தைத்ததைப் பிரிப்பதும் தைப்பதுமாக இருந்தேன். மதியத்துக்குள் வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன், வரவில்லை. அப்புறம் போன் அடித்தது. "வாங்க" என்றாள், எந்த இடம் என்று சொன்னாள், வைத்துவிட்டாள். கை உடைந்தபோதுகூடக் கூப்பிடாதவள் கூப்பிடுகிறாள் என்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு எப்படி ஓட்டினேன் என்றே தெரியவில்லை, கடையைப் பூட்டினேனா என்பதுகூட ஞாபகமில்லை.

அணைக்கட்டு தாண்டி ஒரு சின்னப் பாலத்தின் கட்டைச்சுவரில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நிற்கிறது. கை கால் முகம் எல்லாவற்றையும் பார்த்தேன், ஒரு கீறல் கிடையாது. என்ன ஆச்சு என்று கேட்டேன். "எதிர்க்காத்து, முடியலை. கஷ்டப்பட்டா ஓட்டிட்டு வந்திருப்பேன். எதுக்குன்னு தோணுச்சு, கூப்பிட்டேன்" என்றாள். பலகையை அவளே இழுத்துப் போட்டு, சைக்கிளை ஏற்றி, பெல்ட்டை மாட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு வண்டியைக் கிளப்ப முடியவில்லை, அழுதுவிட்டேன். அவள் ஜன்னலை இறக்கிவிட்டு அணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது லீவு நாள் என்றால் முன்னைவிடத் தூரம் போகிறாள், பாதி நாள் தானே திரும்பி வருகிறாள், பாதி நாள் கூப்பிடுகிறாள்.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். போன குளிரில் உனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் தனியாகப் படுத்துக் கிடந்ததை, எல்லாம் சரியான பிறகுதான் சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் அம்மாவும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இனிமேல் சரியானதும் சொல்லாதே, சரியில்லாதபோதே சொல். அவ்வளவு தூரம் என்னால் வண்டி ஓட்டிக்கொண்டு வர முடியாதுதான். ஆனாலும் நீ கூப்பிட வேண்டும், நான் எப்படி வருவது என்பது என் கவலை.

நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்க எங்கள் இருவரின் ஆசி என்றும் உண்டு. வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. அம்மா கையைப் பற்றிப் போனில் விசாரித்து அவளைச் சங்கடப்படுத்தாதே, எங்கே வரைக்கும் போனாய் என்று மட்டும் கேள், மீதியை அவளே சொல்வாள்.

உன் அன்பு அப்பா