ஐயாயிரத்து ஐந்நூறு அடியில் நின்ற படம்

தாய்லாந்து
4-11-2024

அன்புள்ள கலை,

நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

கேமராப் பெட்டிக்குள் கடிதம் இருப்பதைப் பார்த்து நீ சிரிப்பாய். பழைய கம்பெனியில் ஒரே லாக்கரை நீ ஏ ஷிப்டிலும் நான் பி ஷிப்டிலும் பங்கிட்டுக்கொண்டு, சீட்டு எழுதி வைத்தே ஒரு வருஷம் பேசினோம். அந்தப் பழக்கம் விடவில்லை. தவிர, போனில் இதைச் சொன்னால் கத்திவிடுவேன்.

இந்தக் கேமரா உங்கள் ஒரகடம் சர்வீஸ் சென்டருக்கு மூன்றாம் முறை வருகிறது. முதல் முறை, ‘பழுது இல்லை’ என்று சீட்டு. இரண்டாம் முறை, ‘பழுது நீக்கப்பட்டது’ என்று சீட்டு. பேட்டரிக் கதவில் ஒரு ஸ்க்ரூவைக் காணோம். குளிரில் வைத்துப் பாருங்கள், ஆகாயத்துக் குளிரில்தான் நின்றுபோகிறது என்று இரண்டு முறையும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

என் வேலை என்னவென்று உன் அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாயே, இப்படிச் சொல். இங்கே என்னோடு வேலை செய்கிற படப்பைக்காரர் பிரவீன் அண்ணன் ஒரு பயணியைத் தன் நெஞ்சோடு பட்டையால் கட்டிக்கொண்டு பதின்மூன்றாயிரம் அடியில் விமானத்திலிருந்து குதிப்பார். நானும் கூடவே குதித்து, ஹெல்மெட்டில் மாட்டிய கேமராவால் அந்தப் பயணியின் முகத்தை வீடியோப் படம் எடுக்க வேண்டும். கையை விரித்தால் மேலே மிதப்பேன், மடக்கினால் கீழே இறங்குவேன், காலைக் கொஞ்சம் நீட்டினால் அவர்கள் பக்கம் நகர்வேன். எழுநூறு முறை குதித்த பிறகுதான் இது உடம்பில் ஏறியது. ஐயாயிரத்து ஐந்நூறு அடியில் அண்ணன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் அசைப்பார். பாராசூட்டை விரிக்கப் போகிறேன், விலகு என்று அர்த்தம். நான் விலகி, இன்னும் கீழே போய் என்னுடையதைத் திறப்பேன்.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டுக் கீழே வந்தால் படம் பாதியில் நின்றிருக்கும். ஹெல்மெட்டில் கண்ணோரம் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அது விட்டு விட்டு எரிய ஆரம்பித்தால் கேமரா நிற்கப் போகிறது என்று அர்த்தம். போன வாரம் எழுபது வயது ஜப்பான் அம்மா ஒருவர் குதித்தார். படம் இல்லை என்றதும் திட்டவில்லை. குனிந்து வணங்கிவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

இன்னொரு படம் போனால், பாராசூட் மடித்துவைக்கிற பழைய வேலைக்கே அனுப்பிவிடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நீயே உன் கையால் பிரித்துப் பார் கலை. வேறு யாரையும் நான் நம்பவில்லை.

உன்
சுகப்பிரியா

சேரப்பணஞ்சேரி
24-11-2024

அன்புள்ள சுகா,

உன் கடிதத்தை கம்பெனி பஸ்ஸில் இரண்டு முறை படித்தேன். பக்கத்து சீட்டுக்காரி, “இன்னாடி, லவ் லெட்டரா?” என்றாள். கேமரா பாகம் ஒன்றின் பெயரைச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டாள்.

அம்மாவுக்கு வலி அப்படியேதான். என் தம்பி கல்யாணத்துக்கு நீ வராததை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். “மானத்துலேந்து குதிக்கிறவளுக்கு, மண்டபத்துக்கு வர்றதுக்கு வழி தெரியலயா?” என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

இங்கே ஒரு ஷிப்டுக்கு நாற்பது கேமரா. ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தால் சூப்பர்வைசர் மாரிசெல்வம் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். “ஏம்மா, ஒண்ணயே வச்சிக்கிட்டு எம்புட்டு நேரம் பாப்ப? முடிக்கியா இல்லியா?” என்பார். திருநெல்வேலிக்காரர், கெட்டவர் இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால் வேறொருவர் நிற்கிறார். யாருக்கெல்லாம் வேலை நிரந்தரம் என்ற பட்டியல் பிப்ரவரியில் வரும் என்கிறார்கள். பதினோரு மாதமாக எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறோம்.

உன் கேமராவை நானே பிரித்தேன். சர்க்யூட் போர்டில்தான் கோளாறு, மாற்றியாகிவிட்டது. காணாமல் போன ஸ்க்ரூவும் போட்டாயிற்று. இனி பயமில்லாமல் குதி.

பொங்கலுக்காவது வா.

அன்புடன்,
கலைமணி

தாய்லாந்து
19-1-2025

கலை,

பொங்கலன்று பிரவீன் அண்ணன் விழுந்துவிட்டார். உயிர் இருக்கிறது. இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். நான் அவர்களுக்குச் சற்று மேலே இருந்தேன். அண்ணன் கையை அசைக்கவே இல்லை. பாராசூட் விரிந்ததும் அவர்கள் வேகம் சட்டென்று குறைந்தது, எனக்குக் குறையவில்லை. அவர்களுடைய பாராசூட்டின் பின் ஓரத்தில் மோதினேன். துணி கிழிந்தது. நான் உருண்டு வெளியே வந்து என்னுடையதைத் திறந்துவிட்டேன். அவர்கள் கிழிந்ததோடு வேகமாக இறங்கினார்கள். தரை நெருங்கியதும் அண்ணன் பயணிப் பெண்ணைத் தன்மேல் வாங்கிக்கொண்டு விழுந்தார். அவளுக்குச் சிராய்ப்புதான்.

இரண்டு முறை கையசைத்தேன் என்கிறார் அவர். படம் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். படம் இல்லை. நீ மாற்றியதாகச் சொன்ன போர்டு நான்காவது நாளே நிற்க ஆரம்பித்தது. கேமராவின் மெமரி கார்டைக் கணினியில் போட்டால் திறக்க மறுக்கிறது. என் மேல் தப்பு என்பதால் நானே அழித்துவிட்டேன் என்று பேசிக்கொள்கிறார்கள். வேலைக்குப் போகக்கூடாது, விசாரணை முடிகிறவரை ஊரை விட்டும் போகக்கூடாது.

நீ என்ன செய்தாய் அந்தக் கேமராவை? உண்மையைச் சொல். அதை எழுதி, கையெழுத்துப் போட்டு இவர்களுக்கு அனுப்பு. கேமராவையும் கார்டையும் இவர்கள் பார்த்து முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இதோடு வைத்திருக்கிறேன், உனக்கு ஆதாரம் வேண்டுமென்றால்.

என் பெயரைக் காப்பாற்று. வேறொன்றும் கேட்கவில்லை.

சுகப்பிரியா

சேரப்பணஞ்சேரி
3-2-2025

அன்புள்ள சுகா,

போர்டை மாற்றவில்லை. ஸ்டாக்கில் போர்டு இல்லை. வர இருபது நாள் ஆகும் என்றார்கள். குளிர்ப்பெட்டியில் வைத்துச் சோதிக்க நாற்பத்தைந்து நிமிடம் வேண்டும். மாரிசெல்வம், “வந்தா திரும்ப வரட்டும், இப்ப முடி” என்றார். ‘சோதனை சரி’ என்ற முத்திரையை என் கையால்தான் குத்தினேன். உனக்கு மாற்றிவிட்டேன் என்று எழுதியதற்கு யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. உனக்கு முன்னால் கையாலாகாதவளாக நிற்க வெட்கமாக இருந்தது.

இதையெல்லாம் எழுதி, உன் கேமராவின் சர்வீஸ் எண்ணைப் போட்டு, கையெழுத்திட்டு அவர்களுக்கு மெயிலில் அனுப்பிவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. இங்கே ஆபீசிலும் ஒன்று கொடுத்தேன். மறுநாள் கேட்டிலேயே என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். மாரிசெல்வம் வெளியே வந்து, “லிஸ்ட்டுல ஒம் பேரு இருந்திச்சு தெரியுமா?” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை.

பிரவீன் அண்ணனை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அந்த முத்திரையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என்னை மன்னிக்கச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

கலைமணி

தாய்லாந்து
25-2-2025

என் உயிர்க் கலை,

தீர்ந்தது! உன் கடிதத்தை விசாரணையில் எல்லோருக்கும் மொழிபெயர்த்துப் படித்தார்கள். கேமரா ஏற்கெனவே பழுது, நான் எதையும் அழிக்கவில்லை என்று முடிவானது. அதற்குப் பிறகு நான் சொன்னதைத்தான் நம்பினார்கள். அண்ணன் சைகை கொடுக்காமல் பாராசூட்டை விரித்ததால் வந்த விபத்து என்று எழுதிவிட்டார்கள். அவருடைய லைசென்ஸை ரத்து செய்து, படப்பைக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் போனார். பாவம்தான். அவர் நேரம் அப்படி.

நீ என்னிடம் பொய் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வேலை போனதற்கு வருந்தாதே, உனக்கென்ன, கைத்தொழில் இருக்கிறது. எனக்குப் புதுக் கேமரா கொடுத்திருக்கிறார்கள். ஏப்ரல் கடைசியில் அறுபது பேர் ஒன்றாகக் குதிக்கிற நிகழ்ச்சி. படம் எடுக்க என்னைக் கேட்டிருக்கிறார்கள்!

அந்தச் சனியன் பிடித்த கேமராவைக் குப்பையில் போடு. கார்டையும்தான்.

முத்தங்களுடன்,
சுகா

சேரப்பணஞ்சேரி
16-3-2025

சுகா,

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு மொபைல் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். அங்கே அழிந்த போட்டோக்களை மீட்டுக் கொடுப்பது தினசரி வேலை. உன் கார்டைக் குப்பையில் போட மனம் வரவில்லை. என்னால் கெட்ட பொருள், ஒரு முறையாவது ஒழுங்காகப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

படம் அழியவில்லை. ஓடும்போதே கேமரா நின்றதால் கோப்பு மூடாமல் கிடந்திருக்கிறது. அதே கேமராவில் எடுத்த பழைய படம் ஒன்று கார்டில் இருந்தது. அதை வைத்துச் சரிசெய்தேன். நாற்பத்தொரு நொடி வந்தது.

முப்பத்திரண்டாவது நொடியில் உன் கையுறை லென்ஸின் மேல் வருகிறது. கேமராவைத் தட்டுகிறாய். ஒன்று, இரண்டு, மூன்று. தட்டத் தட்ட நீ அவர்களுக்கு மேலே நகர்கிறாய். உன் விரல் இடுக்கில் பிரவீன் அண்ணன் தெரிகிறார். இரண்டு கையையும் தலைக்கு மேல் அசைக்கிறார். உன்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் அசைக்கிறார். அவர் மணிக்கட்டில் கட்டிய, உயரம் காட்டும் மீட்டரில் முள் ஐயாயிரத்து ஐந்நூறில் நிற்கிறது. அதோடு படம் முடிகிறது.

நீ பார்க்காமல் சொன்னாயா, பார்த்தும் சொன்னாயா?

எதுவானாலும் நீயே சொல்லிவிடு. உன் வாயால் சொன்னால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. நான் யாரிடமும் காட்டவில்லை. உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

கலை

தாய்லாந்து
31-3-2025

கலை,

விளக்கு விட்டு விட்டு எரிய ஆரம்பித்தது. இன்னொரு படமும் போகிறதே என்ற ஆத்திரத்தில் தட்டினேன். அந்த ஆத்திரம் யாரால் வந்தது என்று உனக்குத் தெரியும்.

நிமிர்ந்து பார்த்தபோது பாராசூட் வெளியே வந்துகொண்டிருந்தது. அசைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ‘நான் பார்க்கவில்லை’ என்றுதான் சொல்லப் போனேன். ‘அசைக்கவில்லை’ என்று வாயில் வந்துவிட்டது. கேட்டவர் உடனே எழுதிக்கொண்டார். எழுதியதை எப்படித் திருப்பி வாங்குவது? ஒவ்வொரு நாளும் அது இன்னும் கெட்டியானது.

சொன்னால் அவர் இடுப்பு சேருமா? அவர் இனிமேல் எப்படியும் குதிக்கப் போவதில்லை. எனக்கு இருபத்தெட்டு வயது. திரும்பி வந்தால் பழையபடி கம்பெனி வேலைக்குப் போக சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்க வேண்டியதுதான். நீயும் ஒரு பொய் முத்திரை குத்தியவள்தானே? எனக்கு நீதி சொல்ல வராதே.

அழித்துவிடு. எனக்காக ஒரே ஒரு முறை.

சு.

சேரப்பணஞ்சேரி
13-4-2025

சுகப்பிரியா,

நேற்று படப்பைக்குப் போனேன். பிரவீன் அண்ணனின் மனைவி அமலா அக்கா கதவைத் திறந்தாள். கேமரா சர்வீஸில் இருந்தவள் என்றதும், “இன்னும் இன்னா கீது அதுல? போ” என்றாள். உள்ளேயிருந்து அண்ணன்தான், “வரட்டும் வுடு” என்றார்.

கட்டிலில் சாய்ந்திருந்தார். கையில் போனைக் கொடுத்தேன். முழுதும் பார்த்தார். முப்பத்திரண்டாவது நொடியிலிருந்து மறுபடியும் பார்த்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார். “நீ பாரு. கைய ஆட்டுனனா இல்லையா, பாரு” என்றார். அவள் பார்க்காமல் நின்றாள். கோபத்தில் ஒரு நாள், ‘நீதான் மறந்திருப்ப, ஒத்துக்க’ என்று சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. “மூணு மாசமா நானே மறந்துட்டனோன்னு நெனச்சிகினு இருந்தேன்” என்றார். அமலா அக்கா சமையலறைக்குள் போனவள் திரும்ப வரவில்லை. குழாயைத் திறந்துவிட்ட சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

முத்திரை குத்தியது நான்தான் என்பதையும் சொன்னேன்.

“இது எப்ப கெடச்சுது?” என்று கேட்டார்.

நான்கு வாரம் ஆயிற்று என்றேன்.

“நாலு வாரமா வச்சிகினு இருந்தியா?”

உனக்கு அவகாசம் கொடுத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வந்துவிட்டேன். உட்காரச் சொல்லவும் இல்லை, மறுபடி வரச் சொல்லவும் இல்லை.

இன்று காலை படத்தை உன் மேனேஜருக்கு அனுப்பிவிட்டேன். என் பழைய கடிதம் கேமராவைப் பற்றி மட்டும்தான் உண்மை, மற்றதற்கு அது சாட்சி இல்லை என்றும் எழுதியிருக்கிறேன். இது உன் கைக்குக் கிடைக்கும்போது உன்னைக் கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள்.

நீ சொன்னது சரி. நானும் பொய் முத்திரை குத்தியவள்தான். அதனால்தான் இதை நான் அழிக்கவில்லை.

எனக்கு எழுதாதே. எழுதினால் பிரிக்க மாட்டேன். நீ எழுத வேண்டிய முகவரி வேறு.

கலைமணி

பிரவீன்,
பிள்ளையார் கோயில் பின்தெரு,
படப்பை.