தொட்டியில் ஊற்றிய பினாயில்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே குறையொன்றும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் என் குரலே சரியில்லை என்றாயே, வயிற்றெரிச்சல்தான் காரணம். எங்கள் பல்கலைக்கழக விடுதிச் சமையல்கூடத்துக்குப் பின்னால் எரிவாயுத் தொட்டி இருக்கிறதல்லவா, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைக்கிறதையெல்லாம் அதில்தான் கொட்டுவோம், அதிலிருந்து வருகிற வாயுவில்தான் காலை டீ கொதிக்கும். போன மாதம் பசுமை வளாக விருதுக்காகப் பார்வையிட ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு நாற்றம் அடிக்கக்கூடாதாம், நான் காய்கறி வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, பதிவாளர் தொட்டிக்குள்ளேயே வாளி வாளியாகப் பினாயிலை ஊற்றச் சொல்லியிருக்கிறார். உள்ளே இருக்கிற கிருமிகள்தான் தொட்டிக்கு உயிர் என்று, அதைக் கட்டிய பேராசிரியர் முதல் நாளே எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னார், பதிவாளரும் தலையாட்டினார். இப்போது தொட்டி ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி கமகமக்கிறது, அடுப்புதான் எரியவில்லை. வந்தவர்கள் சுத்தத்தை மெச்சி விருதும் கொடுத்துவிட்டார்கள். தொட்டி பக்கத்தில் நின்று எடுத்த படத்தில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது.

கழுவிவிட்டுப் புதுச் சாணம் போட்டால் தொட்டி பிழைத்துக்கொள்ளும் என்று பேராசிரியர் தொண்டை வற்றக் கத்துகிறார், கேட்பாரில்லை. இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் செய்யப் போகிறார்களாம். அதற்கு, பராமரிப்பு சரியில்லாமல் கெட்டுப்போனது என்று எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஓய்வு பெறுகிற நேரத்தில் எதற்கப்பா வம்பு, போட்டுவிடுங்கள் என்று நீ சொன்னாய், அம்மாவும் அதே பாட்டைத்தான் பாடுகிறாள். என் நல்லதுக்குத்தான் என்று தெரியும், ஆனாலும் கோபம் வருகிறது. இனிமேல் அத்தனை எச்சில் சோறும் லாரி ஏறி எவர் வீட்டுப் பக்கமோ போய் நாறும், இங்கே வாசலில் விருதுப் பலகை மினுமினுக்கும். நான் போடவில்லை. பினாயில் ஊற்றியதால்தான் கெட்டது என்று என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். மறுநாளே சமையல்கூடப் பொறுப்பைப் பிடுங்கி, நாற்காலி மேசை அடுக்கிவைக்கிற அறைக்கு அனுப்பிவிட்டார்கள். தொட்டியை வருகிற வாரம் இடிக்கிறார்கள், நான் எழுதிக் கொடுத்தும் அது நிற்கவில்லை.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். இருவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, ஆனால் போட்டிருக்கலாமே அப்பா என்று மட்டும் சொல்லாதே. அதைச் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், நீயாவது என் பக்கம் இரு.

உன்மேல் கோபமில்லாத,
அப்பா