மேகம் கண்ணாடி இல்லை, சித்தப்பா

மணவாள நகர்
15.12.2019

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இளமதி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நான் மட்டும் கோபமாக இருக்கிறேன். போனில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள்; அதனால்தான் கடிதம். உங்களோடு கம்பெனி பஸ்ஸில் வரும் எங்கள் எதிர்வீட்டு செல்வி அக்கா கொண்டுவந்து கொடுப்பார்.

26ஆம் தேதி சூரிய கிரகணம் பார்க்க நீங்கள் கொடுத்தனுப்பிய வெல்டிங் கண்ணாடியை இதோடு திருப்பி அனுப்புகிறேன். அதன் ஓரத்தில் இருட்டின் அளவு 10 என்று போட்டிருக்கிறது. சூரியனைப் பார்க்க 14 வேண்டும். தேவதர்ஷினி மிஸ் அதை வகுப்பில் தூக்கிக் காட்டி, "இது யார் கொடுத்தது?" என்றார். "எங்க சித்தப்பா, மிஸ். வெல்டர்" என்று பெருமையாக எழுந்து நின்றேன். "வெல்டரே இப்படிச் செய்யலாமா?" என்றார். நின்றது நான், திட்டு வாங்கியது நீங்கள்.

நான் சூரியனை நேராகப் பார்க்கப் போவதே இல்லை. வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, அட்டையில் ஊசித் துளை போட்டு, தரையில் விழும் உருவத்தைப் பார்க்கப் போகிறேன். அம்மாவின் பூந்திக் கரண்டியையும் எடுத்துக்கொள்வேன். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சூரியன் விழுமாம். கிரகண நேரத்தில் சமையல் சாமானைத் தொட்டால் கையை முறிப்பேன் என்கிறார் அம்மா. வானமோ கழுவாத குண்டான் மாதிரி இருக்கிறது.

நீங்களும் நேராகப் பார்க்க மாட்டேன் என்று எழுதி அனுப்புங்கள்.

உங்கள் மகள் முறை,
இளமதி

தேர்வாய் கண்டிகை
18.12.2019

டீச்சரம்மா அவர்களுக்கு,

கடுதாசி கிடைச்சுது. "உங்க அண்ணன் பொண்ணு வாரண்ட் அனுப்பிக்கீது"ன்னு செல்வி நீட்டுச்சு. பஸ்ஸே சிரிச்சுது.

கண்ணு, எட்டு வருஷமா நெருப்பைப் பாத்துக்கினு கீறேன். தகடு நகராம இருக்க மொதல்ல அங்கங்க ஒரு பொட்டு வெல்டிங் வைப்போம். அதுக்கெல்லாம் முகமூடி மாட்டிக்கினு இருந்தா வேலை ஓடுமா? கண்ணை மூடிக்கினு ஒரு பொட்டு, அவ்ளோதான். வெளிச்சம் அடிச்ச அன்னிக்கு ராவுல கண்ணுல மண்ணு அள்ளிப் போட்ட மாதிரி அறுக்கும். உருளைக்கிழங்கை வெட்டி வச்சுக்கினு படுத்தா காலையில டியூட்டி. கண்ணு கெட்டா எனக்குத் தெரியாதா? வலிச்சா மூடிக்கப் போறேன்.

அதுவும் இல்லாம தினம் மழை. மேகம் போட்டா மேகமே கண்ணாடி. இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?

உன் சித்தப்பா,
வீரராகவன்

மணவாள நகர்
20.12.2019

சித்தப்பாவுக்கு,

"அன்புள்ள" இந்தத் தடவை கிடையாது.

வலித்தால் மூடிக்கொள்வீர்களா? வலிக்காது. அதுதான் விஷயமே. வெல்டிங் வெளிச்சம் கண்ணின் மேல்தோலைச் சுடுகிறது, அதனால் அறுக்கிறது. சூரியன் கண்ணுக்குள்ளே போய்ப் பின்பக்கத் திரையைச் சுடும். அந்தத் திரைக்கு வலி தெரியாது. சுடும்போது ஒன்றுமே தெரியாது, சித்தப்பா. மறுநாள் பார்க்கும் இடத்தின் நடுவில் கறுப்பாக நிற்கும். அது உருளைக்கிழங்குக்கெல்லாம் கேட்காது.

மேகம் கண்ணாடி இல்லை. கூசாமல் இருப்பதால் இன்னும் நிறைய நேரம் பார்ப்பீர்கள். அதற்குள் மேகம் விலகும்.

உங்களுக்கும் ஓர் அட்டை செய்து அனுப்பியிருக்கிறேன். முதுகைக் காட்டி நில்லுங்கள். மற்றவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நான் தினமும் சிரிப்பு வாங்குகிறேன், செத்தா போய்விட்டேன்?

இளமதி

தேர்வாய் கண்டிகை
26.12.2019

மதி கண்ணு,

பாத்துட்டேன்! டீ டைம்ல எல்லாரும் வெளியே வந்தோம். புகை மாதிரி மேகம். அதுக்குள்ள சூரியன், யாரோ கடிச்சு வச்ச அப்பளம். "இன்னா வெல்டரு, நீயே பயந்தா எப்படி?"ன்னாரு போர்மேன் குப்புராஜ். உன் அட்டை சட்டைப் பையில இருந்துச்சு. அவனுங்க முன்னாடி எடுக்க வெட்கமா இருந்துச்சு. வெறும் கண்ணுலயே நல்லா பாத்தேன். நடுவுல மேகம் விலகிச்சு, அப்பவும் கொஞ்சம் பாத்தேன். துளிகூட வலிக்கல. உன் புத்தகம் தோத்துச்சு பாத்தியா?

அடுத்த தடவை வரும்போது உனக்குப் பால்கோவா.

சித்தப்பா

மணவாள நகர்
29.12.2019

சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். பிறகு ஒட்டினேன்.

இங்கும் மேகம்தான். மொட்டை மாடியில் கரண்டியும் கையுமாக நின்றேன். கீழே இருந்து அம்மா கத்திக்கொண்டே இருந்தார். திடீரென்று வெயில் வந்தது. தரை முழுக்கக் குட்டிக் குட்டிப் பிறைகள், யாரோ நகம் வெட்டிப் போட்ட மாதிரி. "ஐயோ, இன்னாடி இது?" என்றபடி அம்மாவே படியேறி வந்து நின்றார். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? மறுநாள் உங்கள் கடிதம் வந்து அத்தனையையும் கெடுத்தது.

வலிக்கவில்லை என்று ஜெயித்த மாதிரி எழுதுகிறீர்களே, வலிக்காது என்று எழுதியதே நான்தான்.

இப்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு கதவுத் தாழ்ப்பாளைப் பாருங்கள். பிறகு மற்றக் கண். தாழ்ப்பாள் தெரிகிறதா? உண்மையை எழுதுங்கள்.

இளமதி

தேர்வாய் கண்டிகை
10.1.2020

மதி,

தாழ்ப்பாள் தெரியல. சுத்தி கதவு தெரியுது. ரெண்டு கண்ணுலயும் அப்படித்தான், வலது ஜாஸ்தி. உன் எழுத்தை ஓரக்கண்ணால பாத்துப் படிக்கவே பத்து நாளாச்சு. போயிடும் போயிடும்னு கீறேன். வெல்டிங் கோடு விட்டு ஓடுது. குப்புராஜ் ரெண்டு ஜாயின்ட்டைத் திருப்பி அனுப்பிட்டாரு. "இன்னாய்யா, தண்ணி போட்டுக்கினு வரியா?"ங்கிறாரு. ஆமான்னு சொல்லிட்டேன். கண்ணுன்னு தெரிஞ்சா வேலை போயிடும்.

அண்ணனுக்குச் சொல்லாத. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறேன்.

சித்தப்பா

மணவாள நகர்
13.1.2020, காலை

செல்வி அக்காவுக்கு,

இதைச் சித்தப்பாவிடம் கொடுக்காதீர்கள். அவரால் சரியாகப் படிக்க முடியாது. படித்துவிட்டதாகப் பொய் சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். நீங்களே, பஸ்ஸிலேயே, சத்தமாகப் படியுங்கள். இனி வருவதெல்லாம் அவருக்கு.

சித்தப்பா, அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நேற்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. உங்களைத் திட்டவும் இல்லை. என்னைத்தான், "இவ்ளோ நாள் ஏன்டி சொல்லல?" என்றார். அந்தத் திட்டும் உங்களுடையதுதான். இன்று சாயங்காலம் கம்பெனி வாசலில் அப்பா நிற்பார். நாளை கண் ஆஸ்பத்திரி. சிலருக்கு அந்தக் கறுப்பு மெல்லக் குறையும், சிலருக்குக் குறையாது என்று மிஸ் சொன்னார். உங்களுக்கு எது என்று எனக்குத் தெரியாது.

குடிகாரன் என்று பெயர் எடுத்தாலும் பரவாயில்லை, கண் போனது மட்டும் தெரியக் கூடாதா? கண் தெரியாமல் நெருப்பை வைத்துக்கொண்டு நீங்கள் கோடு தவறினால், பக்கத்தில் தகட்டைப் பிடித்திருப்பவர் கை என்ன ஆகும்? என் கோபம் தீரவில்லை. தீரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

செல்வி அக்கா, இப்போது அவர் சிரித்து மழுப்பப் பார்ப்பார். சிரித்தால், முதலிலிருந்து மறுபடி படியுங்கள். அழுதால் நிறுத்திவிட்டு, சன்னல் பக்கம் உட்கார வையுங்கள்.

இளமதி