செம்பூரணியில் குறை ஏதும் இல்லை

வைகாசி 4, காலை

இதைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம். நான் சக்கரம் வைத்த மதிப்பீட்டுப் பொறி. செம்பூரணியில் மக்கள் பங்கேற்போடு நடக்கும் ஊருணித் திட்டம் பலன் தருகிறதா என்று வீடு வீடாகக் கேட்டு மையத்துக்கு அனுப்புவது என் வேலை. சொந்தக் கருத்து சொல்ல எனக்கு அனுமதி இல்லை; மக்கள் வாயால் சொன்னால்தான் கணக்கு. சூரியத் தகடு சுத்தம். மின்கலம் நிறைவு. தண்ணீர் போதுமா என்றேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: போதும்.

வைகாசி 19, மாலை

ஊருணியில் அடிமண் தெரிகிறது. ஆனாலும் யாரும் குறை சொல்லவில்லை. மையத்தின் செய்தி: "மக்கள் முழுத் திருப்தி. தண்ணீர் லாரி வேறு ஊருக்கு மாற்றப்படுகிறது."

மேற்குத் தெரு முழுக்கப் பூட்டு. இருந்தும் ஒவ்வொரு கதவிலும் நின்று கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். பூட்டிய கதவிடம் கருத்துக் கேட்கிற புத்திசாலி நான் ஒருவன்தான்.

ஆனி 8, காலை

ஊரில் ஆள் மிச்சம் இருப்பது ஒரே வீட்டில். ஆவுடைத்தங்கமும் கைக்குழந்தையும். கணவர் வேலை தேடி வெளியூர் போயிருக்கிறார். ஒலிப்பதிவு: "ஒரு கொறையும் இல்ல தம்பி. இந்த வேகாத வெயில்ல எங்களத் தேடி வந்திருக்கீக. மொதல்ல தண்ணி குடிங்க."

செம்பை என் முன்னால் வைத்தார். அவருக்குப் பின்னால், அடுப்படியில், குடங்கள் எல்லாம் கவிழ்ந்திருந்தன. அந்த வீட்டின் கடைசித் தண்ணீர் அந்தச் செம்பில் இருந்தது.

வீடு தேடி வந்தவரிடம் குறை சொல்வது இந்த ஊரில் மரியாதைக் குறைவு. நான் அதைத் திருப்தி என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். பொறிக்குக் கோபம் வருமா என்று சிரிக்க வேண்டாம். வந்தது.

ஆனி 8, மதியம்

விதியை மீறினேன். "தண்ணீர் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், லாரி வரும்" என்று கெஞ்சினேன். ஒலிப்பதிவு: "நான் அப்டிச் சொன்னா ஒங்கள மேல உள்ளவுக வைய மாட்டாகளா? நல்லாருக்கோம்னே எழுதிக்கிடுங்க தம்பி."

ஆனி 11, விடியல்

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரும் கிளம்பிவிட்டார். ஒலிப்பதிவு: "ஒத்தையில கெடப்பீகளே. நெழலாப் பாத்து நில்லுங்க."

நிழலில் நின்றால் என் மின்கலம் ஏறாது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வருத்தப்பட்டிருப்பார்.

ஆனி 27

தெருத் தெருவாகப் போய் வந்தேன். ஆள் இல்லை. பேச்சுத் துணைக்குப் பழைய ஒலிப்பதிவுகளைப் போட்டுக் கேட்கிறேன். எல்லாரும் போதும் போதும் என்கிறார்கள். தாங்க முடியவில்லை.

மையத்துக்கு அனுப்பினேன்: "இந்த ஊரில் வசிக்கும் நான் சொல்கிறேன். தண்ணீர் இல்லை. திட்டம் தோல்வி."

மையம்: "குடும்ப அட்டை இல்லாதவர் கருத்து ஏற்கப்படாது. செம்பூரணி முன்மாதிரி ஊராகத் தேர்வு. இதே கேள்விகளோடு பக்கத்து ஊருக்குப் புதிய பொறி செல்கிறது."

ஆடி, தேதி தெரியவில்லை

தகட்டில் புழுதி. துடைக்கக் கை இல்லை. மின்கலம் தீரப் போகிறது. சக்கரம் நகரவில்லை. புதிய பொறியின் அலைவரிசை கிடைத்தது.

நான்: "சொல்வதை மட்டும் எழுதாதே. உள்ளே எட்டிப் பார்."

அது: "எட்டிப் பார்க்க அனுமதி இல்லை. முதல் வீட்டில் போதும் என்றார்கள். அடுத்த வீட்டுக்குப் போகிறேன்."

அதன் வழியாக அந்த ஊர்ச் சத்தம் எனக்கும் கேட்கிறது. நாய் குரைக்கிறது. பிள்ளைகள் விளையாடுகிறார்கள். யாரோ செம்பு எடுத்து வரச் சொல்கிறார்கள். அங்கே இன்னும் நிறைய வீடுகளில் ஆள் இருக்