ஒரு மௌஸில் இரண்டு கை

நெல்லிமரத்தூர்,
ஜவ்வாது மலை.
23-2-2025, ஞாயிறு.

அன்பு மகள் பூவிழிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் அம்மா வலது தோள் நீங்கலாக நலம், மாடுகள் இரண்டும் எங்கள் இருவரையும்விட நலம். தோஹாவில் நீயும், உன் அறைத் தோழியும், உன்னிடம் ஊசி போட்டுக்கொள்ளும் நோயாளிகளும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதக் காரணம், போனில் நான் ஒரு வரி சொன்னால் உன் அம்மா பின்னால் நின்று மூன்று வரி திருத்தம் போடுகிறாள், இந்த விஷயத்தில் அவள் திருத்தத்தை என்னால் தாங்க முடியாது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. நீ விட்டுவிட்டுப் போன லேப்டாப்பில் நான்கு மாதமாகச் சங்க வேலை பார்க்கிறேன் என்று உன்னிடம் சொன்னதெல்லாம் சீட்டு ஆடியது. அதிலும் பெரும்பாலும் தோற்றேன்.

நம் ஊர் சாமை, புளி விவசாயிகள் சங்கத்துக்கு நான் செயலாளர் ஆன கதை உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய், தெரியாது. கூட்டத்தில் யாருக்குக் கம்ப்யூட்டர் வரும் என்று கேட்டார்கள், அந்த நேரம் பார்த்து நான் தொண்டையைச் செருமினேன். சளி. தலைவி மாணிக்கம்மாள் அக்கா உடனே என் பெயரை எழுதச் சொல்லிவிட்டாள். மறுக்கலாம் என்று எழுந்தேன், அதற்குள் கை தட்டிவிட்டார்கள், கை தட்டலுக்கு நடுவே மறுப்பது மரியாதை இல்லை என்று உட்கார்ந்துவிட்டேன். அதுவரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. போன மாதம்தான் அரசாங்கத்தில் சாமை உமி நீக்கும் மிஷின் தருகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. மலைக்கு ஒரே மிஷின், ஒரே சங்கத்துக்கு. விண்ணப்பம் கம்ப்யூட்டரில்தான் ஏற வேண்டும், கடைசி நாள் பிப்ரவரி இருபத்தொன்று வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. இப்போது இங்கே சாமையை அரிசியாக்க வேண்டுமென்றால் மூட்டையைப் பஸ்ஸில் போட்டுச் செங்கம் மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் உலக்கையைப் பிடிக்க வேண்டும். உன் அம்மா உலக்கைக் கட்சி. செங்கத்து டாக்டர் இனி உலக்கையைத் தொட்டால் தோள் நிரந்தரமாகப் போய்விடும் என்று சொல்லிவிட்டார். அவள் அவர் எதிரில் தலையாட்டிவிட்டு வந்து மறுநாள் காலையில் குத்தினாள். ஆகவே அந்த மிஷின் எனக்குச் சங்கத்து விவகாரம் மட்டும் இல்லை என்பதை நீ புரிந்துகொள்வாய்.

மூன்று நாள் முயன்றேன். உறுப்பினர் பன்னிரண்டு பேரும் சேர்ந்து நிற்கும் போட்டோ ஒன்று வேண்டும், அதை ஏற்றினால் அளவு பெரிதாக உள்ளது என்று சிவப்பு எழுத்தில் வந்தது. பன்னிரண்டு பேரையும் பத்தடி பின்னால் போய் நிற்கச் சொல்லி எடுத்தேன். அளவு பெரிது. புளியமரத்தடிக்கே அனுப்பி எடுத்தேன், எறும்பு மாதிரித் தெரிந்தார்கள், அப்போதும் அளவு பெரிது. மாணிக்கம்மாள் அக்கா அங்கிருந்தே, "இன்னும் போனா நாங்க அமிர்தி போய்ச் சேர்ந்துடுவோம்ப்பா" என்று கத்தினாள். உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். நைட் டூட்டி முடித்துத் தூங்கும் பிள்ளையை எழுப்பக் கூடாது என்று உன் அம்மாவிடம் சொன்னேன், அது பாதி உண்மை. மீதிப் பாதிதான் மேலே முதல் பத்தியில் எழுதியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு வேறு வழியில்லாமல் படிவத்தின் அடியில் உதவிக்கு என்று போட்டிருந்த எண்ணுக்குப் பேசினேன். ரேணுகாதேவி என்று ஒரு பெண், வேலூரில் இருந்து பேசினாள். நான் சொன்னதைப் பாதி கேட்டுவிட்டு, "சார், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், உங்க சிஸ்டத்துக்குள்ள நான் இங்கேர்ந்தே வர்றேன், அதுல ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லுங்க" என்றாள். சங்கக் கட்டிடத்தில் அப்போது புளி உடைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை நிறுத்தினார்கள். மாணிக்கம்மாள் அக்கா, "யாரு எவருன்னு தெரியாம உள்ள வுட்டுடுவியா நீ? எந்த ஊரு, யார் வூட்டுப் பொண்ணுன்னு கேளு மொதல்ல" என்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் நான் கேட்க வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று. அந்தப் பெண்ணும் சலித்துக்கொள்ளாமல், கட்டிக்கொடுத்தது கலசப்பாக்கம், அம்மா வீடு அமிர்தி, காட்டு நர்சரியில் வாட்ச்மேனாக இருந்த கோபால்சாமி பேத்தி என்றாள். "கோபால்சாமி பேத்தியா? ஏலத்துக்கு வந்தா புளியை நாக்குல வெச்சிப் பார்க்காம வாங்க மாட்டாரே, அவரா?" என்று கேட்டு, ஆமாம் என்று பதில் வந்த பிறகுதான், "சரி, வரச்சொல்லு" என்று உத்தரவு கிடைத்தது. உன் அம்மா மேஜையைத் துடைத்தாள். தலையைக்கூடக் கோதிக்கொண்டாள், கேட்டால் காற்று அடித்தது என்பாள்.

நம்பரைச் சொன்னதும் திரையில் அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தது. பன்னிரண்டு பேரும் எழுந்து வந்து திரையைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் மட்டும் இதெல்லாம் தினம் பார்ப்பதுதான் என்ற முகத்தோடு இருந்தேன், பிறகு மௌஸைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்த்த ஆரம்பித்தேன். நீ சிரிப்பாய். ஆனால் நீ இந்த மலையில் பிறந்தவள்தானே, யோசித்துப் பார். ஒருத்தர் நம் கொல்லையில் இறங்கிக் களை வெட்டினால் நாமும் பக்கத்தில் இறங்கி வெட்ட வேண்டும், கூலிக்கு வந்தவரானாலும் சரி, பதில் வேலைக்கு வந்தவரானாலும் சரி. வரப்பில் கை கட்டி நிற்கிறவனுக்கு மறுநாள் ஆள் வராது. வேலூரில் இருந்து ஒரு பெண் வந்து நமக்காகப் பாடுபடும்போது நான் எப்படிச் சும்மா உட்காருவது? அம்பு நடுங்கியது, வலது பக்கம் போக வேண்டியது இடது பக்கம் போயிற்று. அவள், "சார், உங்க மௌஸ் ரிப்பேரா? அது பாட்டுக்கு இழுக்குது" என்றாள். "இல்லம்மா, நான்தான் கூடமாட ஒத்தாசை" என்றேன். "ஒத்தாசை வேணாம் சார், கைய மட்டும் எடுத்துடுங்க" என்றாள். எடுத்தேன். மாணிக்கம்மாள் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "பொட்டப் பொண்ணு தனியா மாங்கு மாங்குன்னு செய்யுது, நீ இன்னா வேடிக்கை பார்த்துக்குனு குந்தியிருக்கிற?" என்று அவள் கையை வைத்தாள். அவளை எடுக்கச் சொன்னால் அடுத்தவர் வைத்தார். மூன்று நாளாக எனக்கு அடங்காத போட்டோவை ரேணுகாதேவி ஒரு நிமிஷத்தில் சின்னதாக்கிவிட்டாள், ஆனால் அதை இருக்க வேண்டிய இடத்தில் வைக்க எங்கள் உதவியோடு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

இப்படி எல்லாம் ஏறி, மணி நாலரை ஆகும்போது, கடைசியாக ஒரு தரம் உதவி செய்யலாமே என்று நான் மௌஸை லேசாகத் தட்டினேன். வேறொரு பக்கம் திறந்துகொண்டது. இங்கே இரண்டாவது உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த லேப்டாப்பில் சீட்டு தவிர நான் செய்த ஒரே வேலை, உனக்கு வந்த வரன்களைப் பட்டியல் போட்டு வைத்தது. ஒற்றை விரலால் நான்கு மாதத்தில் ஒன்பது பேர். கடைசிப் பெயர் அஜய், மாணிக்கம்மாள் அக்காவின் தங்கை மகன், செங்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறானே, அவன். அவன் பெயருக்கு எதிரே நான் எழுதியிருந்தது: "பெரியம்மா மாதிரியே வாய் நீளம். தவிர்க்கவும்." முதியோர் கல்வியில் மாணிக்கம்மாள் அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்று அன்றைக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள், தவிர்க்கவும் என்பதை மட்டும் இரண்டு தரம்.

அந்த நேரத்தில்தான் அவள் போனில் டிங் என்று சத்தம் வந்தது. விண்ணப்பத்தை அனுப்ப ஆறு இலக்க ரகசிய எண் வரும், அது சங்கத் தலைவியின் போனுக்குத்தான் வரும், பத்து நிமிஷம்தான் உயிரோடு இருக்கும். அக்கா போனை முந்தானையில் முடிந்துகொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மன்னித்துக்கொள் அக்கா என்றேன். "எனக்கு வாய் நீளம்தானே, அது பேசத்தான் நீளும், நம்பர் சொல்ல நீளாது" என்றாள். ஐந்து மணிக்கு இருபது நிமிஷம். மிஷின் எல்லோருக்கும்தானே என்று கெஞ்சினேன். எல்லோரும் புளிக்கொட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி, யார் தோளுக்காக இந்தப் பாடு படுகிறேனோ அவளாவது ஒரு வார்த்தை பேசுவாள் என்று உன் அம்மாவைப் பார்த்தேன். அவள், "அக்கா கோவப்படறதுல இன்னா தப்பு? எழுதின கையாலயே அழிச்சி எழுதுங்க" என்றாள். அழிக்க நான் தயார், ஆனால் என் வேகத்துக்கு ஒரு வரி எழுதி முடிக்க ஆறு மணி ஆகிவிடும். இத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்த ரேணுகாதேவி தொண்டையைச் செருமினாள். அவளுக்கும் சளியோ என்னவோ. "அம்மா, நான் அடிக்கறேன், நீங்க சொல்லுங்க" என்றாள்.

அக்கா எழுந்து வந்து போனுக்குக் குனிந்து சொன்னாள், வேலூரில் இருந்து அந்தப் பெண் அடித்தாள், எங்கள் கண் எதிரே திரையில் எழுத்து வந்தது. "அஜய். செங்கத்துல சொந்தக் கடை. நல்ல ஒசரம். பெரியம்மா மாதிரியே தங்கமான கொணம்." கடைசியில் தவிர்க்கவும் என்று இருக்கிறதே, அதை என்ன செய்வது என்று ரேணுகாதேவி மரியாதையாகக் கேட்டாள். "மொதல்ல பார்க்கவும்னு போடும்மா" என்றாள் அக்கா. ஒன்பதாவதாக இருந்த பையனை முதலாவதாகவும் தூக்கி வைத்தார்கள். மத்தியானம் முழுக்க ஒருவர் கையும் மௌஸில் இல்லாமல் நடந்த வேலை இது ஒன்றுதான். அதற்குள் பழைய எண் செத்துவிட்டது, புது எண் வரவழைக்க வேண்டியிருந்தது. ஐந்துக்கு எட்டு நிமிஷம். அக்கா முந்தானையை அவிழ்த்து எண்ணை உரக்கப் படிக்கப் போனாள், ரேணுகாதேவி, "ஐயோ அம்மா, எங்கிட்டகூடச் சொல்லாதீங்க, யார்கிட்டயும் சொல்லக் கூடாது, நீங்களே அடிங்க" என்றாள். புளி ஒட்டிய விரலால் அக்கா ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தினாள். நாலாவது எண் கிடைக்காமல் விரல் சுற்றியபோது என் கை தானாக நீண்டது. உன் அம்மா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஐந்துக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது பச்சை நிறத்தில் விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று வந்தது. எல்லோரும் சத்தம் போட்டார்கள். உன் அம்மா மட்டும் வலது தோளை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நான் பார்த்ததை அவள் கவனிக்கவில்லை. ரேணுகாதேவி இணைப்பை எடுத்துவிடவா என்று கேட்டாள். வந்த பெண்ணை ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் எப்படி அனுப்புவது என்று யாருக்கும் மனம் வரவில்லை, அதனால் இன்னும் கால் மணி நேரம் அவளை உள்ளேயே வைத்திருந்து, எத்தனை பிள்ளைகள், மாமியார் எப்படி என்று எல்லாம் கேட்டுத்தான் விட்டோம்.

பட்டியலை நினைத்து நீ மனம் கலங்காதே. யாரை எத்தனையாவது இடத்தில் வைத்தாலும் நீ தலையாட்டாமல் இந்த வீட்டில் ஒரு தாம்பாளமும் நகராது, இதை எழுதுவது உன் அப்பன், செயலாளர் இல்லை. ஆனால் அக்கா போன் செய்தால் முதலிடம் என்பது உனக்கும் தெரியும் என்கிற மாதிரிப் பேசிவை. ராத்திரி வேலைக்குப் போகுமுன் வெறும் டீயோடு நிற்காமல் வயிறாரச் சாப்பிடு. இந்தக் கடிதத்தோடு சாமை அரிசி இரண்டு கிலோவும் ஒரு குப்பி தேனும் வருகிறது, குப்பியைப் படுக்க வைக்காதே. அரிசியைக் குத்தியது யார் என்று கேட்காதே. நம் குலசாமி உன் கூடவே இருந்து காக்கட்டும், போன இடத்தில் நல்ல பேரும், கெடாத உடம்பும், நினைத்தபோது லீவும் உனக்குக் கிடைக்கட்டும் என்று அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். லேப்டாப்பில் சீட்டை எப்படி அழிப்பது என்று மட்டும் ஒரு நாள் சொல்லிக்கொடு, அவசரமில்லை.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
சி. பஞ்சாட்சரம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது லைன்மேன் சேட்டு வந்து மிஷின் விவரக் காகிதத்தை வாங்கிப் படித்தார். அதற்கு மூன்று ஃபேஸ் கரண்ட் வேண்டுமாம். நம் ஊரில் இருப்பது ஒன்று.